காஸ் ஓடுகிற குழாய்மேல் வெல்டிங் வைத்தால் வெடிக்காதா?

ஜூலை 3, கோத்தகிரி வாசகர் கேட்டது

என் அக்கா மகன் குன்னூர் ஐடிஐயில் வெல்டர் படித்தவன். கோவைப் பக்கம் இயற்கை எரிவாயுக் குழாய் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். காஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே குழாய்மேல் வெல்டிங் வைப்பார்களாம். அக்கா சோறு தண்ணி இறங்காமல் உட்கார்ந்திருக்கிறாள். அக்கா வீட்டுக்காரர், இது தெரிந்தே சாவது என்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூலை 3, இரவு

வெடிக்காது தம்பி. அக்காவிடம் முதலில் இதைச் சொல்லிவிடுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

எரிவதற்குக் காஸ் மட்டும் போதாது, ஆக்சிஜன் வேண்டும். காற்றில் மீத்தேன் சுமார் 5 முதல் 15 சதவீதம் வரை கலந்திருந்தால்தான் பற்றும். அதற்குக் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. ஓடுகிற குழாய்க்குள் காற்றே கிடையாது. உள்சுவர் சிவக்கக் காய்ந்தாலும் அங்கே எரிய வழியில்லை.

குஜராத்திலும் வளைகுடாவிலும் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்துவிட்டு வந்தவன் நான். இப்போது எடப்பள்ளியில் கேரட், பீன்ஸ், காட்டெருமைத் தொல்லை.

ஜூலை 4

அக்கா வீட்டுக்காரர் திருப்பிக் கேட்டாராம்: உள்ளே எரியாது என்றால் வேலை நடக்கிற இடத்தில் தீயணைப்பு வண்டி எதற்கு நிற்கிறது? சரியான கேள்வி.

வெளியே காற்று இருக்கிறதே, அதற்குத்தான். வெல்டிங் என்றால் குழாய்ச் சுவரையும் கொஞ்சம் உருக்கித்தான் ஆக வேண்டும். உருகிய இடத்துக்கு அடியில் மிச்சமிருக்கும் இரும்பு சூட்டில் தளர்ந்துபோனால், உள்ளே இருக்கிற அழுத்தம் அந்த இடத்தைப் பிதுக்கிக்கொண்டு வெளியே வரும். எதிரிலேயே ஆர்க், அதாவது வெல்டிங்கின் மின்தீ, எரிகிறது. கேட்க வேண்டுமா? இதைத் தளத்தில் பர்ன்-த்ரூ என்போம். வெல்டர் குழிக்குள் இருப்பான். அதனால் குழியின் இரண்டு பக்கமும் ஏறி ஓட வழி வெட்டியிருக்க வேண்டும். ஒரே ஏணி சாய்த்து வைத்த குழியில் நான் யாரையும் இறங்க விட்டதில்லை.

இதிலிருந்து காப்பாற்றுவது சுவரின் கனம். 6.4 மி.மீ. அல்லது அதற்கு மேல் கனமிருந்து, 7018 மாதிரி குறைந்த ஹைட்ரஜன் ராடு (உருகி இணைப்பாகிற, மேலே பூச்சுள்ள கம்பி) போட்டு, வழக்கமான கரண்டில் வைத்தால் ஓட்டை விழும் வாய்ப்பு மிகவும் குறைவு. உள்சுவரின் வெப்பம் 980 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது என்பதுதான் இதன் அடிப்படைக் கணக்கு. அமெரிக்காவின் பேட்டல் ஆய்வகம் சோதனை செய்து கொடுத்த எண் அது.

ஜூலை 4, மாலை

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் “6.4 இருந்தால் கவலையே இல்லை” என்று பகிர்ந்திருக்கிறார். அய்யா, அந்த 6.4 வரைபடத்தில் இருந்தால் போதாது, வெல்டிங் விழப்போகிற இடத்தில் இருக்க வேண்டும். பல வருஷம் மண்ணுக்குள் கிடந்த குழாய் அது. மேல்பூச்சைச் சுரண்டி, கட்டம் கட்டமாகச் சாக்குக்கட்டியால் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அல்ட்ராசோனிக் மீட்டர் வைத்துக் கனம் பார்த்த பிறகுதான் பேச்சு. சுவருக்குள் தகடு தகடாகப் பிரிந்திருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். தெரிந்தால் இடத்தை மாற்ற வேண்டியதுதான். கனம் குறைவான குழாயில் வேலை செய்தே ஆக வேண்டுமென்றால் 2.5 மி.மீ. ராடு, குறைந்த கரண்டு, இன்னும் நிதானம்.

ஜூலை 6

எல்லோரும் ஆர்க்கைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். எனக்குப் பயம் வேலை முடிந்து, கூடாரத்தைப் பிரித்து, ஆட்கள் சாப்பிடப் போன பிறகுதான் தொடங்கும். விரிசல் அப்போதுதான் வரும்.

ஓடுகிற காஸ், வெல்டிங்கின் சூட்டை உடனுக்குடன் இழுத்துக்கொண்டு போகிறது. சட்டென்று குளிர்ந்த எஃகு கெட்டிப்படும், கெட்டிப்பட்டது எளிதில் பிளக்கும். இது எந்தக் கொல்லரைக் கேட்டாலும் தெரியும். இதோடு ஈரம் சேர்ந்தால் தீர்ந்தது. ராடின் பூச்சில் இருக்கும் ஈரம் ஆர்க் சூட்டில் பிரிந்து ஹைட்ரஜனாகி, உருகிய இரும்புக்குள் கரைந்துவிடும். ஆறிய பின் வெளியேற வழி தேடிக்கொண்டு போய், கெட்டிப்பட்டுப்போன அந்த ஓரத்தில் தங்கும். அங்கே இழுவிசையும் இருந்தால் பிளவு. உடனே தெரியாது. மணிக்கணக்கில் ஆகும், சில சமயம் இரண்டு நாள்கூட ஆகும். அதனால்தான் கடைசிச் சோதனையைத் தள்ளி வைப்பது. முடித்த அன்றே “எல்லாம் ஓகே” என்று கையெழுத்துக் கேட்டு வருகிற மேனேஜர்களை நான் டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்புவேன்.

இப்போது சிக்கலைப் பாருங்கள். காஸ் ஓட்டத்தைக் குறைத்தால் சுவர் சூடேறும், ஓட்டை விழும் பயம். கூட்டினால் சீக்கிரம் குளிரும், விரிசல் பயம். கரண்டைக் கூட்டினால் விரிசல் பயம் குறையும், ஓட்டை பயம் கூடும். ஒன்றைச் சரிசெய்யப் போனால் மற்றது கெடும். லைவ் லைன் வெல்டிங் என்றால் இந்த இழுபறிதான்.

அன்றைக்கு அந்தக் குழாய் எவ்வளவு வேகமாகச் சூட்டை இழுக்கிறது என்று தளத்திலேயே பார்த்துவிடலாம். குழாய்மேல் சுமார் 5 செ.மீ. அகலத்துக்கு ஒரு வட்டம் வரைந்து, டார்ச்சால் 300 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே காய்ச்சுவோம். டார்ச்சை எடுத்ததும் தொடு வெப்பமானியை வைத்து, 250க்கு இறங்கும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி, 100க்கு வந்ததும் நிறுத்துவோம். இப்படிச் சில இடங்களில் எடுத்துச் சராசரி. முதல் தடவை பார்க்கிற பையன்கள் அசந்துபோவார்கள். அவ்வளவு சிரமப்பட்டுக் காய்ச்சிய இரும்பு, எண்ணி முடிப்பதற்குள் ஆறிவிடும். அந்த விநாடிக் கணக்கை வைத்துத்தான் எந்த வெல்டிங் முறை என்று முடிவு செய்வது.

ஜூலை 7

“முன்சூடு கொடுத்தால் விரிசல் வராதே” என்று ஈரோட்டு நண்பர். கொடுங்கள். நீங்கள் இந்தப் பக்கம் கொடுக்கக் கொடுக்க, காஸ் அந்தப் பக்கம் கொண்டு போகும். கடைசியில் அடுத்த ஊருக்குத்தான் முன்சூடு கொடுத்திருப்பீர்கள். காலையில் குழாய்மேல் வியர்த்திருக்கும் ஈரத்தை ஓட்ட டார்ச் காட்டுவோம், அது வேறு.

அதற்குப் பதில் வேறொரு வழி இருக்கிறது. முதல் வரிசை பீடை, அதாவது உருகி உறைகிற வெல்டிங் வரியை, குழாய்மேல் போட்டு, அடுத்த வரிசையை அதன்மேல் ஏறினாற்போல் போட்டால், இரண்டாவதன் சூடு முதலாவது கெட்டிப்படுத்திய ஓரத்தைக் கொஞ்சம் இளக்கிவிடும். டெம்பர் பீடு. கை பழகியிருக்க வேண்டும். பீடின் ஓரம் எங்கே முடிகிறது என்பதில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தவறினாலும் பிரயோஜனமில்லை.

ஜூலை 9

மஞ்சூர்க்காரர் ஒருவர் குந்தா பென்ஸ்டாக்கை, அதாவது மின் நிலையத்துக்குத் தண்ணீர் இறக்கும் பெருங்குழாயை, இழுத்திருக்கிறார். தண்ணீர் ஓடும்போதே அதில் வெல்டிங் வைக்கலாமா என்று கேள்வி. காஸில் தொடங்கி மின்வாரியத்துக்கு வந்துவிட்டோம்.

பென்ஸ்டாக்கை வால்வு மூடித் தண்ணீரை வடித்துவிட்டு வேலை செய்ய முடியும். அப்படி இருக்கும்போது ஓடவிட்டு வைக்க அவசியம் என்ன? ஆனால் கேள்வி வீண் இல்லை. காஸைவிடத் தண்ணீர் பல மடங்கு வேகமாகச் சூட்டை உறிஞ்சும். அதனாலேயே லைவ் லைன் வெல்டிங் முறையையும் வெல்டரையும் தேர்வு செய்யும்போது, சோதனைக் குழாய்க்குள் தண்ணீரை ஓடவிட்டு அதன்மேல் வைக்கச் சொல்வார்கள். ஏபிஐ 1104 என்ற குழாய் வெல்டிங் விதிநூலில் இதற்கென்றே பின்னிணைப்பு உண்டு. தண்ணீர் ஓடும்போது வைத்த வெல்டிங்கை அறுத்துப் பார்த்து, கெட்டித்தன்மை எல்லைக்குள் இருந்து, விரிசலும் இல்லையென்றால், காஸில் பயம் குறைவு.

ஜூலை 10

அவசரத் திருத்தம், எனக்கு அல்ல, கீழே எழுதிய நண்பருக்கு. “குழியில் காஸ் மீட்டர் 10 சதவீதம் காட்டும் வரை வேலை செய்யலாம் என்கிறார்கள். ஆனால் 5 சதவீதத்திலேயே பற்றும் என்று இவர் சொல்கிறாரே, 10இல் எல்லோரும் செத்திருக்க வேண்டுமே?”

அந்த மீட்டரில் 100 என்றால் காற்றில் 5 சதவீதம் மீத்தேன் என்று அர்த்தம். பற்றத் தொடங்கும் அளவையே அது 100 என்று வைத்துக்கொள்கிறது. 10 என்று காட்டினால் உண்மையில் காஸ் அரை சதவீதம்தான். இந்தக் குழப்பம் தளத்திலும் உண்டு, அதுவும் பெர்மிட் எழுதுகிறவர்களிடமே. என்னைக் கேட்டால் மீட்டர் முள் அசைந்தாலே மேலே ஏறிவந்து எங்கிருந்து வருகிறது என்று பார்ப்பேன். ஒழுகாத குழாய்மேல் காட்ட வேண்டியது பூஜ்யம்.

ஜூலை 13

ஏன் லைனை நிறுத்திவிட்டு வேலை செய்யக் கூடாது? இதை நாலு பேர் நாலு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். பணத்தாசை என்று ஒருவர். பணமும் உண்டு. ஒரு லைனை நிறுத்தினால் மின் நிலையம், உர ஆலை எல்லாம் நிற்கும்.

ஆனால் பாதுகாப்புக் கணக்கே வேறு விதமாக வரும். நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு வால்வுகளுக்கு நடுவே இருக்கிற காஸ் முழுவதையும் வெளியே விட வேண்டும். மீத்தேன், நூறு வருஷக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு பூமியைச் சூடாக்கும். அதை வானத்தில் விட்ட பின் நைட்ரஜன் ஏற்ற வேண்டும். வேலை முடிந்ததும் காற்றை விரட்டி மறுபடி காஸ் ஏற்ற வேண்டும். இதில் எங்காவது காற்றும் காஸும் கலந்தால் அந்த 5க்கும் 15க்கும் நடுவே வந்து நிற்கும். முழுக்கக் காஸ் நிறைந்த குழாயில் இல்லாத ஆபத்து, பாதி காலியான குழாயில் இருக்கிறது.

மேட்டுப்பாளையம் ரோட்டில் பழைய டீசல் பேரலை “காலியாத்தானே இருக்கு” என்று டார்ச்சால் வெட்டுகிறவர்களைப் பார்த்தால் வண்டியை நிறுத்தாமல் போய்விடுவேன். அடியில் ஒட்டியிருக்கும் மிச்சம் சூட்டில் ஆவியாகி, உள்ளே இருக்கிற காற்றோடு கலக்கும். இந்தியாவில் இதில் செத்த வெல்டர்கள் நிறைய. லைவ் லைனைப் பற்றி அழுகிற அக்கா, பையன் பட்டறையில் பேரல் வெட்டுகிறானா என்று ஒரு வார்த்தை கேட்டு வைக்கட்டும்.

ஜூலை 14

அருவங்காடு கார்டைட் ஆலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தனிச்செய்தியில் சொன்னது: “தீப்பெட்டியை கேட்டிலேயே கொடுத்துவிட்டுப் போய்ப் பழகினவங்க நாங்க. நீங்க சொல்றதைப் படிச்சா வயித்தைக் கலக்குது.” புரிகிறது அய்யா. வெடிமருந்துக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. மீத்தேனுக்கு அது வெளியிலிருந்து வர வேண்டும். உங்கள் தொழிலின் பயம் உங்களுக்குச் சரி.

எல்லா வாயுவும் மீத்தேன் மாதிரி சாது இல்லை என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். அசிட்டிலீன், எத்திலீன் இரண்டும் காற்று இல்லாமலே சூட்டில் சிதைந்து வெடிக்கக் கூடியவை. ஆக்சிஜன் லைன், குளோரின் லைன் பக்கமே போகக் கூடாது.

ஜூலை 16

கோத்தகிரித் தம்பி இப்போது சொல்கிறார், பையன் போன மாதம்தான் ஐடிஐ முடித்தானாம்! இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனையும் நான் எழுதியிருக்க வேண்டாம். புதுப்பையனை யாரும் லைவ் லைனில் விட மாட்டார்கள். முதலில் கிரைண்டர் பிடிப்பான், ஃபிட்டருக்கு உதவியாக நிற்பான், பிறகு காஸ் ஏறாத புதுக் குழாய் ஜாயிண்ட். அதற்கே தேர்வு, எக்ஸ்ரே எல்லாம் உண்டு. கொச்சியிலிருந்து கூற்றநாடு, வாளையாறு வழியாக வருகிற லைனை ஒட்டிய வேலை என்றால் பெரும்பாலும் புதுக்குழாய்தான். லைவ் லைனுக்கு வருகிறவர்கள் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

முதல் நாளே லைவ் லைனில் நிறுத்துகிற காண்டிராக்டர் கிடைத்தால், அடுத்த பஸ்ஸில் கோத்தகிரிக்கு ஏறிவிடச் சொல்லுங்கள்.

ஜூலை 20

“நகரம்” விபத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஆந்திரத்தின் அப்போதைய கிழக்கு கோதாவரி மாவட்டத்து நகரம் கிராமம், 2014 ஜூன் 27, விடியற்காலை. 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அங்கே யாரும் வெல்டிங் வைக்கவில்லை. அரித்துப்போன குழாயில் காஸ் ஒழுகி ஊருக்குள் பரவிப் பற்றியது. பெல்ஜியத்தின் கிலெங்கியானில் 2004 ஜூலை 30 நடந்ததில் 24 பேர் இறந்தார்கள். கட்டுமான வேலையில் இயந்திரம் குழாயைக் காயப்படுத்தியிருந்தது, பிறகு அழுத்தம் ஏறியபோது பிளந்தது.

எனக்கு அதிகம் உறுத்துவது கலிஃபோர்னியாவின் சான் புரூனோ. 2010 செப்டம்பர் 9 மாலை, 8 பேர் இறந்தார்கள், 38 வீடுகள் அழிந்தன. பிளந்தது 1956இல் போட்ட 30 அங்குலக் குழாய். அதில் ஒரு துண்டின் நீளவாட்டு வெல்டிங் முழுக் கனத்துக்கும் இறங்கவே இல்லை. வைத்தவன் அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்திருப்பான், ஒரு தீப்பொறிகூடத் தப்பியிருக்காது. அரை நூற்றாண்டு கழித்துத் தெருவே போயிற்று. அது லைவ் லைன் வெல்டிங் இல்லை, புதுக்குழாய். ஆனாலும் வெல்டிங் நடக்கிற நேரத்தை மட்டும் பார்த்து “பாதுகாப்பு” என்று பேசுகிறவர்களிடம் இதைத்தான் சொல்வேன்.

ஜூலை 21

சின்னக் குறிப்பு. “ஒழுகினால் வாசனை வருமே” என்கிறார் ஒருவர். வீட்டுக்கு வருகிற காஸில் வரும், ஏனென்றால் சேர்க்கிறார்கள். மீத்தேனுக்கு மணம் கிடையாது. 1937 மார்ச் 18 அன்று டெக்சாஸின் நியூ லண்டன் பள்ளிக்கூடம் வெடித்து ஏறக்குறைய 300 பேர், பெரும்பாலும் பிள்ளைகள், இறந்த பிறகுதான் அங்கே மணம் சேர்ப்பது கட்டாயமானது. தொலைதூரப் பெருங்குழாய்களில் மணம் சேர்க்காமலே ஓட்டுவதுண்டு. மூக்கை நம்பாதீர்கள், மீட்டரை நம்புங்கள்.

இன்னொன்று: மீத்தேன் காற்றைவிட லேசு, மேலே போய்விடும். நம் வீட்டு சிலிண்டர் காஸ் கனம், சரிவில் இறங்கிக் கீழ்வீட்டுக்குப் போகும். குன்னூர் மாதிரி படிப்படியான ஊரில் கவனிக்க வேண்டியது அதைத்தான்.

ஜூலை 28

மழை, கரண்டு இல்லை, ஆகவே கதை.

குஜராத்தில் ஒரு தளம், எந்த நிறுவனம் என்பது வேண்டாம். ஓடுகிற லைனிலிருந்து கிளை எடுக்கிற வேலை. இரண்டு பாதியாக வரும் T வடிவத் துண்டைக் குழாயைச் சுற்றிப் பொருத்தி வெல்டிங் வைத்து, அதன்மேல் வால்வு, வால்வின்மேல் துளையிடும் இயந்திரம். துளை போட்டு முடிந்ததும் வெட்டுண்ட வில்லை நடுத் துரப்பணத்தின் கம்பியில் மாட்டிக்கொண்டு மேலே வர, வால்வை மூடிவிடுவார்கள். வெளியே காஸ் மூச்சுக்கூட வராது.

அன்று கட்டம் போட்டு அளந்ததில் அடிப்பக்கம் இரண்டு கட்டத்தில் 5 சொச்சம் காட்டியது. வரைபடத்தில் 7க்கு மேல். மேனேஜர் மீட்டர் சரியில்லை என்றார். இன்னொரு மீட்டர் வந்தது, அதுவும் அதையே காட்டியது. வேலைக்குக் கிடைத்த நேரம் போய்விடும், மெதுவாக வைத்தால் போதும் என்று பேச்சு தொடங்கியது. எங்கள் வெல்டர் வேலூர்க்காரர், அதிகம் பேச மாட்டார். ஹோல்டரை ராடோடு கழற்றி வரப்பில் வைத்தார், கையுறையை மடித்து ஹெல்மெட்டுக்குள் போட்டார், வேப்பமரத்தடியில் போய்ச் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்துவிட்டார். எழுப்பப் போனவரிடம், “நீங்க அளந்து முடிங்க சார், நான் இருக்கேன்” என்றார். அவ்வளவுதான்.

சாயங்காலத்துக்குள் நாலைந்து மீட்டர் தள்ளிப் புதுக்குழி வெட்டியாயிற்று. அங்கே கனம் சரியாக இருந்தது. விதிநூலில் எத்தனை பக்கம் இருந்தாலும், படுத்துவிடத் தைரியமுள்ள ஆள் ஒருவர் தளத்தில் இருந்தால்தான் அது நடக்கும். அவருக்கு அன்று சம்பளம் பிடித்தார்களா என்று கேட்டிருக்கிறார்கள். பிடிக்கவில்லை. அவருக்குப் பதில் போட வேறு ஆள் இல்லை.

ஜூலை 29

மேலே “அழுத்தத்தைக் குறைத்திருக்கலாமே” என்று மூன்று பேர். முன்பு நானும் அப்படித்தான் நினைத்தேன், பாதியாகக் குறைத்தால் பயமும் பாதி என்று. சோதனைகள் சொல்வது வேறு. ஓட்டை விழுவதற்கு முக்கியக் காரணங்கள் சுவரின் கனமும் வெல்டிங்கின் சூடும்தான், அழுத்தத்தின் பங்கு அவற்றுக்கு அடுத்துதான். குறைக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, குறைப்பது வழக்கம், அது நல்லதும்கூட. ஆனால் அழுத்தத்தோடு ஓட்டத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டால் சுவர் சூடேறி வேறு வழியில் மாட்டிக்கொள்வீர்கள். கனம் போதாத இடத்தில் அழுத்தத்தைக் குறைத்துவிட்டு மனதைத் தேற்றிக்கொள்வது வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

ஆகஸ்ட் 2

குன்னூர் பட்டறைக்காரர் கேட்டிருக்கிறார்: 7018 ராடு போட்டால் ஆர்க் படபடக்கிறது, பீடில் பொத்தல் விழுகிறது, ராடு போலியா?

போலி இல்லை. ஜூலை மாசத்துக் குன்னூர் மூடுபனியில் பாக்கெட்டைப் பிரித்து ஜன்னலோரம் வைத்திருப்பீர்கள். ஊட்டி வர்க்கியைத் திறந்து வைத்தால் மறுநாள் என்ன ஆகும்? ராடின் பூச்சும் அதே கதிதான். கேட்டும் கிரில்லும் செய்ய 6013 போதும், அதற்குக் கொஞ்சம் ஈரம் பெரிய விஷயமில்லை. 7018 அப்படி அல்ல. குழாய்த் தளத்தில் அது அடுப்பிலிருந்து வெல்டரின் கைக்கு நேராக வரும். நடுவில் சூடான சிறு பெட்டி ஒன்று, குவிவர் என்போம், அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுப்பார்கள். மீந்த ராடைப் பாக்கெட்டில் திருப்பிப் போடுகிறவனுக்கு அன்றைக்கே பாட்டு விழும்.

ஆகஸ்ட் 3

அதே பட்டறைக்காரர்: வீட்டு கேக் அடுப்பில் காயவைத்தால் ஆகாதா?

ஆகாது. ஈரம் பூச்சுக்குள் கட்டுண்டு இருக்கும். அதை விரட்ட 300, 350 டிகிரியில் ஒரு மணி நேரமாவது வேண்டும், சரியான அளவு ராடு பாக்கெட்டிலேயே அச்சடித்திருக்கும். வீட்டு அடுப்பு 250இல் நின்றுவிடும். திரும்பத் திரும்பச் சுட்டாலும் பூச்சு உதிரும். நனைந்த ராடை எதற்கும் சுட வேண்டாம், தூக்கிப் போடுங்கள். டிராக்டர் கொக்கி, தூக்கிக் கட்டும் வளையம் மாதிரி பாரம் தாங்குகிற எதையும் உங்களிடம் இப்போது பிரித்து வைத்திருக்கும் ராடில் வைக்காதீர்கள். புதுப் பாக்கெட் வாங்கி, அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு, மிச்சத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி வையுங்கள்.